வித்தும் கருவும்: கணிதத்திலும் கணினியியலிலும் ஒரு சொல்லின் வரலாறு

கலைச்சொல் ஒன்றின் வரலாறு பெரும்பாலும் அதனை ஆக்கியோர் மனத்திலிருந்த உவமையின் வரலாறாகவே அமைகின்றது. ஆங்கிலத்திற் ‘கேர்ணல்’ எனவும் ஜேர்மன் மொழியிற் ‘கேர்ண்’ எனவும் வழங்கும் சொல் இதற்குத் தக்க உதாரணமாகும். தானியமணி, கொட்டையின் உள்ளிருக்கும் பருப்பு என்பனவே இதன் முதற்பொருள்கள். ஆங்கிலச் சொல் தானியத்தைக் குறிக்கும் சொல்லொன்றின் குறுமை வடிவமாகும். உழவர் வாழ்விற் பிறந்த இச்சொல் கடந்த நூற்றாண்டில் மூன்று வேறு துறைகளிற் கலைச்சொல்லாயிற்று. அட்சரகணிதத்தில் அது ஒரு படமாக்கல் எவற்றை இல்லாமற் செய்கின்றதோ அவற்றின் தொடையைக் குறிக்கின்றது. தொகையீட்டுச் சமன்பாடுகளில் அது தொகையீட்டுக் குறியினுள் நின்று முழுச் சமன்பாட்டையும் ஆளும் சார்பைக் குறிக்கின்றது. கணினியியலிலோ பணிசெயல் முறைமையின் நடுவேயிருந்து ஏனைய யாவற்றையும் நடத்தும் நிகழ்ச்சித்திட்டத்தைக் குறிக்கின்றது.

தமிழில் இம்மூன்றுக்கும் ‘கரு’ என்ற சொல்லே பெரிதும் வழங்குகின்றது. ‘உட்கரு’, ‘கருனி’ என எழுதுவாரும் உளர். பாடசாலையில் இணைந்த கணிதத்தைத் தமிழிற் கற்றுப் பல்கலைக்கழக விஞ்ஞானப் பீடத்திலோ பொறியியற் பீடத்திலோ ஆங்கிலத்திற் பயிலத் தொடங்கும் மாணவனுக்கு இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. ஒரே ஆண்டில், ஒரே சொல்லை, மூன்று விரிவுரை மண்டபங்களில் மூன்று பொருளில் அவன் கேட்க நேர்கின்றது. அப்பொருள்கள் எவ்வாறு பிரிந்தன என்பதை அறியாதவிடத்து, அவன் சொல்லை மனனஞ் செய்வான், கருத்தைத் தவறவிடுவான்.

தமிழரிடையே வித்தும் கணிதமும்

கணிதத்தை வித்தோடு தொடர்புபடுத்தும் வழக்கம் ஐரோப்பாவிலே தோன்றியதன்று. அட்சரகணிதத்துக்கு வடமொழியிற் ‘பீஜகணிதம்’ என்பது பெயர். பீஜம் என்பது வித்து. இரண்டாம் பாஸ்கரர் 1150 இல் இயற்றிய சித்தாந்த சிரோமணியின் ஒரு பகுதி இப்பெயராலேயே வழங்குகின்றது. தெரியாக் கணியத்தைக் குறியீட்டாற் குறித்து, அதிலிருந்து விடையைப் பெறுதல் வித்திலிருந்து பயிரைப் பெறுதல் போன்றதென இப்பெயருக்குப் பொருள் கொள்ளலாம்.

இப்பெயர் தமிழில் ‘வீசகணிதம்’ என வழங்கிற்று. யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டைச் செமினரியோடு தொடர்புடைய கறல் விசுவநாதபிள்ளை 1855 இல் வெளியிட்ட அட்சரகணித நூலின் பெயரும் ‘வீசகணிதம்’ என்பதே. இவர் சி. வை. தாமோதரம்பிள்ளையோடு சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவராக விளங்கியவர். அந்நூல் வெளிவந்த ஆண்டிலேயே செமினரி மூடப்பட்டமை வருந்தத்தக்கது. எனினும் ஐரோப்பியக் கணிதத்தைத் தமிழில் எழுதலாம் என்பது அன்றே செயலிற் காட்டப்பட்டது. அந்நூலுக்கு ஒன்பது ஆண்டுகள் முன்னர், 1846 இலேயே, கருவென்னும் எண்ணக்கருவின் மூலமான கலோவாவின் ஆக்கங்கள் பிரான்சில் அச்சேறின என்பதும் இங்கு நோக்கத்தக்கது. காலத்தால் இரண்டும் அயலவை, ஒன்றையொன்று அறியாதவை.

பின்னர் இலங்கையில் ‘அட்சரகணிதம்’ என்பதும் தமிழ்நாட்டில் ‘இயற்கணிதம்’ என்பதும் நிலைபெற்றன. வித்து என்ற உவமை அத்துறையின் தமிழ்ப் பெயரிலிருந்து மறைந்தது. அதே உவமை ஐரோப்பிய மொழிகளின் வழியாகக் ‘கரு’ என்ற வடிவில் அத்துறையினுள்ளே மீண்டும் புகுந்தமை வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று எனலாம்.

செயல் பேணும் படமாக்கல்

அட்சரகணிதத்திற் கரு என்பதை விளங்குதற்கு, ஆங்கில நூல்கள் ‘ஓமோமோபிசம்’ எனக் கூறும் படமாக்கலை முதலில் விளங்குதல் வேண்டும். அதனைச் செயல் பேணும் படமாக்கல் எனக் கூறலாம். முல்லைத்தீவு மாவட்டத்திற் பரந்தன் – முல்லைத்தீவு வீதியை அண்டியுள்ள உடையார்கட்டு, குளமும் வயலும் கொண்ட ஊராகும். அத்தகைய ஊரொன்றிற் சிறுபோக காலத்தில் நீர் போதாமையால், வயல்வெளியை ஐந்து பகுதிகளாக வகுத்து, நாளுக்கொரு பகுதியாக முறைவைத்து நீர் பாய்ச்சுவதாகக் கொள்க. பகுதிகளுக்கு 0, 1, 2, 3, 4 என எண்ணிடுக. துருசு திறந்த நாளை 0 ஆம் நாள் எனக் கொள்க. அந்நாளின் முறை 0 ஆம் பகுதிக்கு உரியது. எந்நாளில் எப்பகுதிக்கு முறை என அறிய, நாளெண்ணை ஐந்தால் வகுத்து மீதியைக் கண்டாற் போதும். 17 ஆம் நாள் 2 ஆம் பகுதிக்கு உரியது.

இங்கு நிறைவெண்கள் யாவும் ஐந்து மீதிகளுக்குப் படமாக்கப்படுகின்றன. இப்படமாக்கல் கூட்டலைப் பேணுகின்றது. 7 உம் 9 உம் கூட்டினால் 16. அதன் மீதி 1. முதலில் மீதிகளை எடுத்தால் 2 உம் 4 உம். அவற்றின் கூட்டுத்தொகை 6. அதன் மீதியும் 1. கூட்டிப் பின் படமாக்கினும், படமாக்கிப் பின் கூட்டினும் விடை ஒன்றே. இதுவே செயல் பேணுதல் என்பதன் முழுப்பொருள்.

இனி, 0 என்ற மீதிக்குச் செல்லும் எண்கள் யாவை? 0, 5, 10, 15 முதலியனவும், திறப்பதற்கு முந்திய நாட்களைக் குறிக்கும் −5, −10 முதலிய மறையெண்களுமாம். இத்தொடையே இப்படமாக்கலின் கரு. கருவிலுள்ள எந்த எண்ணைக் கூட்டினாலும் முறை மாறுவதில்லை. இரு நாட்களின் முறை ஒன்றாயிருப்பதும், அவற்றின் வித்தியாசம் கருவினுள் அமைவதும் ஒன்றே. எத்தனையாம் சுற்று என்ற செய்தி இப்படமாக்கலில் மறைந்துவிட்டது; எவருடைய முறை என்ற செய்தி எஞ்சி நிற்கின்றது. மறைந்தது யாது என்பதைக் கரு கூறுகின்றது. அதனை அறிந்தால் எஞ்சியதன் அமைப்பு முழுவதையும் அறியலாம். நிறைவெண்களைக் கருவினால் வகுத்துப் பெறும் அமைப்பும், ஐந்து மீதிகளின் அமைப்பும் ஒன்றே என்பதே இதன் பொருள்.

பாடசாலைக் கணிதத்திலும் கரு மறைந்து நிற்கின்றது. நேப்பியர் 1614 இல் வெளியிட்ட மடக்கை பெருக்கலைக் கூட்டலாக்க உதவிற்று. இன்று வழங்கும் மடக்கை நேரெண்களின் பெருக்கலைக் கூட்டலாக மாற்றும் செயல் பேணும் படமாக்கலாகும். அதன் கரு 1 என்ற எண் மட்டுமே. ஆதலால் அதில் எதுவும் இழக்கப்படுவதில்லை. மடக்கை அட்டவணையைக் கொண்டு மீண்டும் மூல எண்ணைப் பெற முடிந்தமைக்கு இதுவே காரணம். வகையிடுதலோ அவ்வாறன்று. மாறிலிச் சார்புகள் யாவும் வகையிடும்போது சூனியமாகின்றன. அவையே வகையிடுதலின் கரு. தொகையிடும்போது விடையின் ஈற்றில் எதேச்சை மாறிலியைச் சேர்க்க மறந்து புள்ளி இழக்கும் உயர்தர மாணவன், உண்மையில் கருவையே மறந்தவனாகின்றான்.

கருத்து முன்னும் பெயர் பின்னும்

இவ்வெண்ணக்கரு தோன்றிய காலமும் அதற்குப் பெயர் வாய்த்த காலமும் ஏறத்தாழ நூறாண்டு இடைவெளி உடையவை. எவாரிஸ்ட் கலோவா 1832 மே 29 ஆம் நாள், தாம் உயிரிழக்கக் காரணமான தனிப்போருக்கு முன்னர், நண்பர் செவாலியேக்கு எழுதிய மடலில் ஒரு கூட்டத்தை அதன் உபகூட்டத்தினால் முறையாகப் பிரிக்கத்தகும் நிலையைச் சுட்டினார். அவ்வாறு பிரிக்க இடந்தரும் உபகூட்டங்களே இன்று கருவாக அமையத்தக்கவை என அறியப்படுவன. மே 31 இல் அவர் இறந்தபோது வயது இருபது. லியூவில் 1846 இல் அவருடைய ஆக்கங்களைப் பதிப்பித்த பின்னரே கணித உலகம் அவற்றைக் கருத்தூன்றி நோக்கலாயிற்று.

கமில் ஜோர்டான் 1870 இல் வெளியிட்ட பெருநூலில் இருவகை அமைப்பொப்புமைகளை வேறுபடுத்தினார். ஒன்று முழுமையானது, மற்றையது பகுதியானது. பின்னது இன்றைய செயல் பேணும் படமாக்கலே. ஹோல்டர் 1889 இல் ஈவுக் கூட்டம் என்ற எண்ணக்கருவைத் தெளிவுற வகுத்தார். எனினும் படமாக்கலையே ஆய்வின் நடுவில் வைத்து, கூட்டம், வளையம் முதலியவற்றை அதன்வழி நோக்கும் முறையை நிலைநாட்டியவர் எம்மி நோதர் அம்மையாராவர். 1927 இல் வெளிவந்த அவரது கட்டுரையிற் படமாக்கலையும் ஈவமைப்பையும் இணைக்கும் தேற்றங்கள் பொதுமையான வடிவம் பெற்றன. வான் டெர் வார்டன் 1930 இலும் 1931 இலும் இரு பாகங்களாக வெளியிட்ட நவீன அட்சரகணித நூல் அம்முறையை உலகெங்கும் பரப்பிற்று. யூதராகையால் 1933 இற் கொற்றிங்கன் பல்கலைக்கழகத்தினின்றும் நீக்கப்பட்ட நோதர், அமெரிக்காவின் பிறின் மோர் கல்லூரிக்குச் சென்று 1935 இல் மறைந்தார்.

கரு என்ற பெயரை இப்பொருளில் வழங்கச் செய்தவர்களுள் ரூஷியக் கணிதர் லெவ் பொன்ட்றியாகின் முக்கியமானவர். பதினான்கு வயதில் அடுப்பொன்று வெடித்ததாற் பார்வையிழந்த அவர், தாயார் வாசிக்கக் கேட்டுக் கணிதம் பயின்றவர். இடத்தியற் கூட்டங்கள் பற்றி அவர் 1938 இல் எழுதிய நூலும், 1939 இல் வெளிவந்த அதன் ஆங்கில மொழிபெயர்ப்பும் ‘கேர்ணல்’ என்பதைச் சர்வசமன் மூலகத்துக்குச் செல்லும் மூலகங்களின் தொடை என வரைவிலக்கணப்படுத்தின.

இப்பெயர் முதற் பார்வையில் முரணாகத் தோன்றலாம். படமாக்கலில் இல்லாமற் போவது பதரன்றோ; அதனை மணியென்பது எவ்வாறு பொருந்தும் என ஒருவர் வினவலாம். அதற்கு விடை மேலே கூறிய உதாரணத்திலேயே உளது. இல்லாமற் போகும் தொடையே எஞ்சுவதன் வடிவத்தை முற்றாக நிர்ணயிக்கின்றது. நிலத்திற் புதைந்து மறையும் விதைநெல் விளைவை நிர்ணயிப்பது போன்றது இது.

தொகையீட்டுக் கருவும் மீனாட்சிசுந்தரமும்

இதற்கு முன்னரே வேறொரு வழியால் அதே சொல் கணிதத்துட் புகுந்திருந்தது. சுவீடன் நாட்டுக் கணிதர் ஐவர் பிறெட்ஹோம் 1900 இலும் 1903 இலும் தொகையீட்டுச் சமன்பாடுகளைத் தீர்க்கும் முறையை வெளியிட்டார். அச்செய்தி 1900 – 1901 மாரிகாலத்தில் ஹோம்கிரென் என்பார் வாயிலாகக் கொற்றிங்கனை அடைந்தது. அதனைக் கேட்டு அத்துறையில் ஆழ்ந்த டேவிட் ஹில்பேர்ட், 1904 இல் தொகையீட்டினுள் நிற்கும் இருமாறிச் சார்புக்குக் ‘கேர்ண்’ எனப் பெயரிட்டார். இக்கரு எதையும் இல்லாமற் செய்வதில்லை. ஒரு புள்ளியிலுள்ள பெறுமானம் பிறிதொரு புள்ளியை எவ்வளவு பாதிக்கும் என்பதை அது கூறுகின்றது.

இத்துறையில் தமிழகத்துக் கல்விச் சூழலில் உருவான ஒருவரின் பெயர் உலகக் கணித இலக்கியத்தில் நிலைத்துள்ளது. 1913 இல் திருச்சூரிற் பிறந்து, சென்னை லொயோலாக் கல்லூரியிற் பயின்று, பின்னர் ஆந்திரப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராக விளங்கிய சு. மீனாட்சிசுந்தரமே அவர். சுவீடனைச் சேர்ந்த பிளெயெல் என்பாரோடு அவர் எழுதி 1949 இற் கனடாவின் கணித ஆய்விதழில் வெளிவந்த கட்டுரை, வளைந்த வெளிகளில் வெப்பம் பரவும் வகையை ஆராய்ந்தது. ஓரிடத்தில் இட்ட வெப்பம் சிறிது நேரத்தின் பின் வேறோரிடத்தில் எவ்வளவாக இருக்கும் என்பதைக் கூறும் சார்பே வெப்பக் கரு. மிகச் சிறிய கால அளவுகளில் அச்சார்பை ஆராய்வதால் அவ்வெளியின் பரிமாணத்தையும் கனவளவையும் பெறலாம் என்பது அவ்வாய்வின் வழி வந்த பெரும்பயன்.

1966 இல் மார்க் காக் என்பார், மேளமொன்றின் ஓசையைக் கேட்டு அதன் வடிவத்தை அறிய முடியுமா என வினவினார். பரப்பளவை அறியலாம், சுற்றளவையும் அறியலாம். ஆனால் வடிவம் முழுவதையும் அறிய இயலாது என்பதைக் கோர்டன், வெப், வோல்பேட் ஆகிய மூவர் 1992 இற் காட்டினர். வேறுபட்ட இரு வடிவங்கள் ஒரே சுரங்களைத் தரவல்லன. வடிவத்திலிருந்து ஓசைக்குச் செல்லும் இவ்வழி, அட்சரகணிதப் பொருளிற் செயல் பேணும் படமாக்கலன்று. எனினும் எது எஞ்சுகின்றது, எது இழக்கப்படுகின்றது என்ற அதே வினாவே இங்கும் எழுகின்றது. இருவகைக் கருக்களும் பெயரால் மட்டுமன்றி இவ்வினாவாலும் உறவுடையன.

ஒரே நூலில் இரு பொருளும் வரும்போது மயக்கம் நேராதிருக்க, ஆங்கில நூலாசிரியர் பலர் ஏகபரிமாண அட்சரகணிதத்தில் முன்னதைச் ‘சூனிய வெளி’ என்னும் பொருள்படும் தொடராற் சுட்டுவர். ஆங்கிலத்தாரும் இச்சொல்லால் இடர்ப்பட்டனர் என்பதற்கு இது சான்றாகும்.

கணினியின் நடுவே

கணினியியலிற் கரு வந்த வழி வேறு. 1950 களிலும் 1960 களிலும் கணினியை மேற்பார்வை செய்த நிகழ்ச்சித்திட்டங்கள் கண்காணிப்பாளன், மேற்பார்வையாளன் என்னும் பொருளுடைய பெயர்களால் வழங்கின. டென்மார்க்கில் ஆர்.சி. 4000 என்ற கணினிக்கு 1969 இல் ஆக்கப்பட்ட முறைமையைப் பற்றிப் பேர் பிறிஞ்ச் ஹான்சன் 1970 இல் எழுதிய கட்டுரை ‘நியூக்கிளியஸ்’ என்ற சொல்லைத் தலைப்பிற் கொண்டது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்து ஹைட்ரா முறைமை பற்றி 1974 இல் வந்த கட்டுரையின் தலைப்பிற் ‘கேர்ணல்’ இடம்பெற்றது. பெல் ஆய்வுகூடத்திற் கென் தொம்சனும் டெனிஸ் றிச்சியும் 1969 முதல் உருவாக்கிய யுனிக்ஸ் முறைமை அச்சொல்லை எங்கும் பரப்பிற்று.

இக்கருவின் பணி பங்கீடும் காவலுமாகும். செயலியின் நேரத்தை எந்நிகழ்ச்சித்திட்டத்துக்கு எவ்வளவு கொடுப்பது, நினைவகத்தில் எவருக்கு எவ்விடம், வன்பொருட் சாதனங்களை எவர் எப்போது தொடலாம் என்பவற்றை அதுவே தீர்மானிக்கின்றது. ஏனைய நிகழ்ச்சித்திட்டங்கள் இவற்றை நேரே தீண்ட முடியாது. கருவிடம் கேட்டே பெறுதல் வேண்டும். செயலியின் நேரத்தைச் சிறு துண்டுகளாக்கி முறைவைத்து வழங்குவது பங்கீட்டு வழிகளுள் ஒன்று. குளத்து உதாரணத்தை மீண்டும் நோக்கினால் வேறுபாடு புலனாகும். அட்சரகணிதக் கரு என்பது அங்கு மறக்கப்பட்ட சுற்றுகளின் தொடை. கணினிக் கருவோ முன்னாளில் வயற்காரருக்கு முறை வகுத்து நீர் பங்கிட்ட வட்டவிதானையின் நிலையிலுள்ளது.

எது கருவினுள் இருத்தல் வேண்டும் என்பது இத்துறையின் நீங்காத விவாதம். 1980 களிற் கார்னகி மெலனில் உருவான மாக் முறைமை, கருவை இயன்றவரை சிறிதாக்கி ஏனையவற்றை வெளியே வைக்க முயன்றது. 1991 இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லீனஸ் டோவால்ட்ஸ் லினக்ஸ் கருவை வெளியிட்டார்; 1983 இல் றிச்சர்ட் ஸ்டோல்மன் அறிவித்த குனூ திட்டத்திற்குக் குறைவாயிருந்த உறுப்பு அதனால் நிரம்பிற்று. பெருங்கருவைக் கொண்ட அமைப்பு காலத்துக்கு ஒவ்வாதது எனப் பேராசிரியர் டனன்போம் 1992 இல் விமர்சித்தார், டோவால்ட்ஸ் மறுத்தார். இவ்விவாதம் நடைபெறத்தக்கதாக இருந்தமைக்குக் காரணம், கருவின் மூலநிரல் யாவரும் படிக்கத் திறந்திருந்தமையே. சென்னை சி-டாக் நிறுவனம் 2007 இல் வெளியிட்ட பொஸ் என்ற பணிசெயல் முறைமையும் லினக்ஸ் கருவின்மீதே அமைந்து, தமிழ் உட்பட இந்திய மொழிகளிற் பயன்பட வழிவகுத்தது.

சொல்லாக்கத்தில் எதை இழக்கலாம்?

தமிழிற் கலைச்சொல்லாக்கம் இலங்கையில் நீண்ட மரபுடையது. மானிப்பாயிற் பணிபுரிந்த மருத்துவர் சாமுவேல் கிறீன் 19 ஆம் நூற்றாண்டில் மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து, அதற்கான சொற்களையும் தொகுத்தார். 20 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அரசகரும மொழித் திணைக்களம் துறைதோறும் சொற்றொகுதிகளை வெளியிட்டது. அவற்றின் வழி நிலைபெற்ற சொற்கள் சில தமிழ்நாட்டு வழக்கினின்றும் வேறுபடுகின்றன. இங்கு கூட்டம் என்பது அங்கு குலம்; இங்கு தொடை, அங்கு கணம்; இங்கு தாயம், அங்கு அணி. இவ்வேறுபாடு குறித்து வருந்துவோர் பலர். ஆனால் மேற்கூறிய கணிதக் கருத்தையே அளவுகோலாகக் கொண்டால், இதனாற் பெருந்தீங்கில்லை என்பது தெளிவாகும். ஒரு சொல்லுக்கு ஒரு சொல் நேராக அமையும்வரை, பெயர் மாறினும் கருத்துகளிடையேயுள்ள தொடர்புகள் மாறுவதில்லை. ஒருவர் மற்றவரின் நூலைச் சிறு அகராதியின் துணையோடு படிக்கலாம்.

இழப்பு நேர்வது வேறிடத்தில். ஆங்கிலத்தில் ‘நியூக்கிளியஸ்’, ‘கேர்ணல்’, ‘எம்பிரியோ’ என மூன்று சொற்களாய் நிற்பவை தமிழிற் ‘கரு’ என்ற ஒரே சொல்லுக்குப் படமாக்கப்படுகின்றன. தமிழ்ச் சொல்லிலிருந்து மூலத்துக்கு மீளும் வழி அங்கே அடைபடுகின்றது. இதுவும் தனியே தமிழின் குறையன்று. ஜேர்மன் மொழியிலும் அணுவின் கருவும், கலத்தின் கருவும், படமாக்கலின் கருவும் ‘கேர்ண்’ என்றே வழங்குகின்றன. ஆயினும் அம்மொழியினர் இடர்ப்படுவதில்லை. ஏனெனில் அங்கு ஒவ்வொரு பொருளும் பாடநூலாகவும் ஆய்வுக் கட்டுரையாகவும் அம்மொழியிலேயே எழுதப்பட்டு, சூழலாற் காக்கப்படுகின்றது. தமிழில் அச்சூழல் உயர்தர வகுப்போடு நின்றுவிடுகின்றது. சொற்றொகுதி உண்டு; அச்சொற்கள் வாழ்வதற்குரிய பல்கலைக்கழக நூல்கள் அரிது. குறை சொல்லில் அன்று, சொல்லைச் சுற்றியுள்ள எழுத்தில் உளது.

2009 இன் தொடக்கத்திற் போரின் நடுவே சிக்கிய உடையார்கட்டுப் போன்ற ஊர்களின் மாணவர், இன்று கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்துக்கும், 2021 இற் தனிப் பல்கலைக்கழகமாகிய வவுனியாப் பல்கலைக்கழகத்துக்கும் செல்லும் வாய்ப்பைத் தம் மாகாணத்திலேயே கொண்டுள்ளனர். அவர்கள் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குச் செல்லும் வழியும் ஒரு படமாக்கலே. பெயர்கள் மாறுவது தவிர்க்கவியலாதது. சார்பு, தொடை, படமாக்கல் என்பவற்றிடையே தமிழிற் பெற்ற தொடர்புகள் அழியாது பேணப்படின், அவ்வழியில் இழப்பு மிகச் சிறிது. எதேச்சை மாறிலியைத் தமிழிற் கற்ற மாணவனுக்கு, அதுவே வகையிடுதலின் கரு என முதலாண்டிலேயே எடுத்துக்காட்டும் பத்துப் பக்கத் தமிழ்க் குறிப்பொன்று, புதிய சொற்றொகுதி ஒன்றினும் மிகுந்த பயன் தரும்.

விசுவநாதபிள்ளை 1855 இல் எழுதியது சொற்பட்டியலன்று, நூல். வீசகணிதம் என்ற பெயர் வழக்கொழிந்த பின்னரும் அம்முன்மாதிரி வழக்கொழியவில்லை. செயல் பேணும் படமாக்கலும் அதன் கருவும், தொகையீட்டுக் கருவும், பணிசெயல் முறைமையின் கருவும் தத்தம் வரலாற்றோடு தமிழில் எழுதப்படும்போது, ஒரே சொல் மூன்று பொருள் தருவது மாணவனுக்குத் தடையாக இராது. அப்பணிக்கு உரியவர்கள், இரு மொழியிலும் கற்றுப் பல்கலைக்கழகங்களிற் பயிலும் மாணவரும் அவர்க்குக் கற்பிக்கும் விரிவுரையாளருமே.